82 கிலோ மனிதரும் 20 நாட் காற்றும்

சைக்கிள் பந்தயத்தில் மேடேறும்போது ஒல்லியானவர் முந்துவார். குதிரைப் பந்தயத்தில் சவாரி செய்பவரை அரைக் கிலோ விடாமல் நிறுத்துப் பார்ப்பார்கள். சுமை கூடினால் வேகம் குறையும் என்பது நமக்குப் பழகிப்போன நியாயம். ஒற்றை ஆள் ஓட்டும் சிறு பாய்ப்படகுப் பந்தயத்தில் மட்டும் இந்த நியாயம் பாதி நேரம்தான் செல்லுபடியாகிறது. காற்று மெல்ல வீசும் நாளில் 65 கிலோ ஆள் முன்னே போகிறார். காற்று பலத்து, கடலெங்கும் வெள்ளை நுரை தலைகாட்டத் தொடங்கியதும், காற்றுக்கு எதிரே ஏறிப்போகும் பகுதியில் 82 கிலோ ஆள் அவரைத் தாண்டிவிடுகிறார். இருவர் படகும் ஒரே அச்சில் வார்த்தவை. பாயின் அளவு ஒன்று, வீசும் காற்றும் ஒன்று. அப்படியிருக்க, கூடுதலாகச் சுமந்த 17 கிலோ அவருக்கு எப்படி வேகமாக மாறியது?

இதற்கு விடை தெரிய, முதலில் படகைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1969-இல் கனடாக்காரரான புரூஸ் கிர்பி, நண்பர் இயன் புரூஸுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோதே காகிதத்தில் கிறுக்கிய படம் அது. காரின் கூரைமேல் கட்டி எடுத்துப்போகும்படி ஒரு சிறு படகு வேண்டும் என்று கேட்டிருந்தார் நண்பர். 1971-இல் 'லேசர்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1996-இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. இப்போது ஐஎல்சிஏ என்று பெயர் மாறியிருக்கிறது. உலகெங்கும் இரண்டு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கின்றன. நீளம் 4.23 மீட்டர். வெறும் படகின் எடை 59 கிலோ. ஒரு பாய், ஒரு சுக்கான், படகின் நடுவே ஒரு பிளவு வழியாக நீருக்குள் இறக்கும் ஒரு பலகை, அவ்வளவுதான். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்த இருபுறமும் கம்பிகள்கூடக் கிடையாது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் இந்த வகைப் படகில்தான் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றதும் இதே படகில்தான்.

இனி பாய்க்கு வருவோம். பாய் என்றால் காற்றை மடக்கிப் பிடித்து அதன் தள்ளலில் ஓடுவது என்று நினைப்போம். காற்று பின்னாலிருந்து வரும்போது ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. ஆனால் காற்று வரும் திசையை நோக்கி 45 பாகை அளவு சாய்வாகப் போகும்போது நடப்பது வேறு. அப்போது பாய் நிமிர்த்தி வைத்த ஒரு விமானச் சிறகு. முன்னோரத்தில் வந்து சேரும் காற்று பாயின் இரு பக்கமும் ஒட்டி வழுக்கிப்போய்ப் பின்னோரத்தில் திசை திரும்பி வெளியேறுகிறது. காற்றுக்கும் நிறை உண்டு. ஓடுகிற நிறையை ஒரு பக்கம் திருப்பினால் திருப்பியது எதிர்ப்பக்கம் தள்ளப்படும். அந்தத் தள்ளல்தான் படகை ஓட்டும் விசை.

காற்று உண்மையிலேயே பாயை ஒட்டித்தான் போகிறதா என்று எப்படித் தெரியும்? பாயின் முன்னோரத்துக்கு அருகே இரு பக்கமும் ஒரு சாண் நீளக் கம்பளி நூல் ஒட்டியிருப்பார்கள். இரண்டு நூலும் பின்னோக்கிப் படுத்து ஓடினால் காற்று ஒட்டிப் போகிறது. காற்று போகும் பக்கத்து நூல் துடித்து மேலும் கீழும் சுழன்றால், அந்தப் பக்கம் ஓட்டம் பிய்ந்து சுழலாகிவிட்டது என்று அர்த்தம். ஓட்டுபவர் பாயை அளவுக்கு மீறி இழுத்துவிட்டார். காற்று வரும் பக்கத்து நூல் துடித்தால் படகின் முன்முனையான அணியம் காற்றுக்கு மிக அருகே திரும்பிவிட்டது. விமான மாதிரிகளைக் காற்றுச்சுரங்கத்தில் வைத்துச் சோதிக்கும் பொறியாளர்களும் இதே நூலைத்தான் ஒட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஓட்டத்தை இரண்டு ரூபாய் நூல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்த விசையில் ஒரு சிக்கல் உண்டு. காற்றுக்கு எதிரே ஏறும்போது அது பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளுகிறது. முன்னே இழுக்கும் பங்கு ஏறத்தாழ நாலில் ஒன்று. மீதியெல்லாம் படகைப் பக்கவாட்டில் நழுவ வைக்கப் பார்க்கும். அந்த நழுவலைத் தடுப்பது நீருக்குள் இருக்கும் நடுப்பலகை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே ஏழு சதுர மீட்டர் பாயின் தள்ளலைத் தாங்க, ஒரு ஆள் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகக்கூடிய பலகை போதுமானதாக இருக்கிறது. அதுவும் ஒரு சிறகுதான். படகு சில பாகை நழுவிக்கொண்டே போவதால் நீர் அந்தப் பலகையில் சாய்வாக மோதி எதிர்விசை தருகிறது.

பக்கவாட்டுத் தள்ளல் இப்படித் தீர்ந்தது. ஆனால் சாய்தல் தீரவில்லை. பாய் மேலே ஒரு பக்கம் தள்ளுகிறது. பலகை கீழே எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள உயரம் இந்தப் படகில் ஏறக்குறைய 2.7 மீட்டர். இந்த ஜோடி படகைப் புரட்டப் பார்க்கும். பெரிய பாய்ப்படகுகள் பலவற்றின் அடியில் டன் கணக்கில் ஈயம் இருக்கும். அது புரட்டலைத் தடுத்துவிடும். லேசரில் ஈயம் கிடையாது. ஈயத்தின் வேலையைச் செய்ய வேண்டியவர் ஓட்டுபவரே.

கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஏற்றமரத்தின்மேல் ஏறி நிற்பவர் முன்னும் பின்னும் நடப்பார். அவர் எடை மாறுவதில்லை. அச்சிலிருந்து அவர் நிற்கும் தூரம்தான் மாறுகிறது. அந்தத் தூரத்தால் சால் நிறையத் தண்ணீர் மேலே வருகிறது. எடையைத் தூரத்தால் பெருக்கிக் கிடைப்பதைத் 'திருப்புதிறன்' என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். லேசர் ஓட்டுபவர் படகின் தரையில் உள்ள பட்டையில் பாதங்களைக் கோத்துக்கொண்டு, தொடையின் பின்பகுதி மட்டும் விளிம்பில் பட, உடலின் மற்றப் பகுதி முழுவதையும் நீருக்குமேல் வெளியே நீட்டுகிறார். அவருடைய எடையின் மையம் படகின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 1.15 மீட்டர் தள்ளிப் போகிறது.

இப்போது கணக்கு எளிது. 82 கிலோவை 1.15-ஆல் பெருக்கி 2.7-ஆல் வகுத்தால் 35 கிலோ. பாய் பக்கவாட்டில் 35 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும்வரை இவரால் படகை நிமிர்த்தி வைத்திருக்க முடியும். 65 கிலோ ஆளுக்கு அந்த எல்லை 28. இவை தோராயமான எண்கள்தான். படகின் அகலமும் கொஞ்சம் உதவும், ஓட்டுபவரின் உயரமும் உதவும். ஆனால் கதை இந்த எண்களுக்குள்தான் இருக்கிறது.

ஏனென்றால், காற்று தரும் விசை வேறு கணக்கில் வளர்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. வினாடிக்கு இரட்டிப்புக் காற்று வந்து மோதுகிறது, அதில் ஒவ்வொரு பங்கும் இரட்டிப்பு வேகத்தோடு மோதுகிறது, அதனால்தான் நான்கு. ஓடும் படகு உணர்வது வீசும் காற்றை மட்டுமல்ல, தன் ஓட்டத்தால் எதிரே வரும் காற்றையும் சேர்த்துத்தான். இதைத் 'தோற்றக் காற்று' என்று சொல்லலாம். படகின் வேகம் இரட்டிப்பதில்லை என்பதால் நான்கு மடங்கு சற்றுக் குறைந்து மூன்றாகிறது. 10 நாட் காற்றில், அதாவது மணிக்கு 18.5 கிலோமீட்டரில், முழுப் பாயும் ஏறத்தாழ 27 கிலோ தள்ளும். 20 நாட் காற்றில் அது 80 கிலோவைத் தாண்டிவிடும்.

ஆக, 10 நாட்டிலேயே 65 கிலோ ஆள் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறார். அதற்குமேல் வரும் காற்று அவருக்கு உதவாது. பாயைத் தளர்த்தி வெளியே விட வேண்டியதுதான். 82 கிலோ ஆளும் 20 நாட்டில் பாதிக்கு மேல் வீணாக்கத்தான் போகிறார், ஆனால் அவர் கையில் 35 கிலோ மிஞ்சும். படகு, பாய், மரம் எல்லாவற்றின் எடையையும் சேர்த்துப் பார்த்தால் இவர் சுமப்பது மற்றவரைவிட ஏறத்தாழ 12 சதவீதம் அதிகம். பெறும் விசையோ 25 சதவீதம் அதிகம். மெல்லிய காற்றில் யாரும் எல்லையைத் தொடுவதில்லை. அங்கே கூடுதல் எடை வெறும் சுமை, ஒல்லியானவர் முந்துகிறார். பலத்த காற்றில் பஞ்சம் காற்றுக்கு இல்லை, நிமிர்த்தும் எடைக்குத்தான்.

பாய்ப்படகின் இயற்பியலைப் பற்றிப் பல புத்தகங்கள் பாயிலிருந்து தொடங்கிப் பாயிலேயே நின்றுவிடுகின்றன. தனி ஆள் படகைப் பொறுத்தவரை அது பாதிப் பாடம்தான் என்பது என் கருத்து. கடலோர மக்கள் இதை வெகுகாலமாக அறிந்திருந்தார்கள். இலங்கையின் 'ஓருவ' என்னும் புறமிதவைப் படகில் காற்று பலக்கும்போது ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் புறமிதவையின்மேல் ஏறுவார்கள். காற்றின் பலத்தையே 'ஒரு ஆள் காற்று', 'இரண்டு ஆள் காற்று' என்று சொல்வது அவர்கள் வழக்கம். சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், பாக் நீரிணைப் பகுதிப் பாய்ப்படகுகளில் குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறிப் படகைச் சமன் செய்ததைப் பதிவு செய்திருக்கிறார். காற்றை நாட்டிலோ கிலோமீட்டரிலோ சொல்வதைவிட ஆள் கணக்கில் சொல்வது, கடலில் இருப்பவருக்குப் பயன்படும் அளவு. இன்றைய லேசரிலும் இதே தத்துவம்தான்: ஒரே படகுக்கு 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என்று மூன்று அளவில் பாய் கிடைக்கும். உடல் எடைக்குத் தக்க பாயைப் பூட்டிக்கொள்ளலாம். பெண்கள் ஒலிம்பிக்கில் ஓட்டுவது நடு அளவு.

நிமிர்த்தி வைப்பது ஏன் இவ்வளவு முக்கியம், கொஞ்சம் சாய்ந்தால்தான் என்ன? சாய்ந்த படகில் பாயின் விசை படகின் நடுக்கோட்டுக்கு மேல் இருப்பதில்லை, பக்கத்தில் நீருக்குமேல் தொங்குகிறது. ஒரு பக்கமாக இழுக்கும் விசை படகை எதிர்ப்பக்கம், காற்றை நோக்கி, திருப்பும். அதைத் தடுக்கச் சுக்கானை இழுத்துப் பிடிக்க வேண்டும். சாய்வாகப் பிடித்த சுக்கான் நீரில் பிரேக் போட்டதுபோல்தான். நடுப்பலகையும் செங்குத்தாக இல்லாததால் பிடிப்பு இழந்து படகு இன்னும் நழுவுகிறது. கரையிலிருந்து பார்க்கச் சாய்ந்து பாயும் படகுதான் வீரமாகத் தெரியும். உண்மையில் நிமிர்ந்து போவதே வேகமாகப் போகிறது.

இப்படித் தொங்குவது உடலுக்குக் கொடுமை. தொடைத் தசை நீளாமல் சுருங்காமல் ஒரே நிலையில் இறுகி நிற்கிறது. அப்படி இறுகிய தசை தனக்கு வரும் ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. ஆக்சிஜன் குறைகிறது, எரிச்சல் ஏறுகிறது. டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்டிராம் இதை முதலில் முறையாக எதிர்கொண்டவர். குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஒரு பெஞ்சு அமைத்து, அதில் பாதங்களைக் கோத்துத் தொங்கிப் பழகினார். தனி ஆள் படகில் 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தங்கம் அவருக்கே. மற்றவர்கள் களைத்து உள்ளே வந்து உட்காரும்போது அவர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். அந்த வித்தியாசம் நேராகப் படகின் வேகமாயிற்று.

மிஞ்சிய விசையைக் கழிக்கவும் வழிகள் உண்டு. 'வேங்' என்ற கயிறு பாயின் அடிக்கழியைக் கீழே இழுக்கும். கம்பிக் கட்டு இல்லாத மரம் அதனால் வில்லாக வளையும். மரம் வளைந்தால் பாயின் குழிவு குறைந்து தட்டையாகும். தட்டையான பாய் காற்றைக் குறைவாகத் திருப்பும். 'கன்னிங்ஹாம்' என்ற இன்னொரு கயிறு பாயின் முன்னோரத்தைக் கீழே இழுத்து, உச்சியில் பின்னோரம் திறந்துகொள்ளும்படி செய்யும். உச்சியில் விசை குறைந்தால் புரட்டும் உயரமே குறைகிறது. கையில் எப்போதும் இருப்பது 'மெயின்ஷீட்', பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் உதவும் கயிறு. திடீரென்று ஒரு வீச்சு வரும்போது அதை ஒரு முழம் விட்டு, உடலை இன்னும் வெளியே எறிந்து, படகு நிமிர்ந்ததும் மறுபடி இழுப்பார்கள். இதெல்லாம் ஒரு மூச்சுக்குள் முடிய வேண்டும்.

வீச்சு வருவது அவர்களுக்கு முன்பே தெரியும், நீரைப் பார்த்தே. தூரத்தில் கருத்த திட்டு ஒன்று படகை நோக்கி நகர்ந்து வரும். அமைதியான நீர் அடிவானத்து வெளிறிய வானத்தைப் பிரதிபலிக்கும். பார்வைக்கு வெளுப்பாக இருக்கும். பலத்த காற்று தொட்ட இடத்தில் விரல் அகலச் சிற்றலைகள் எழுகின்றன. அவற்றின் முகம் நம்மை நோக்கிச் சாய்ந்திருப்பதால் தலைக்கு மேலுள்ள அடர்நீல வானத்தைக் காட்டுகின்றன. அந்த இடம் கருப்பாகத் தெரிகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் தட்டையான ஏரிக்கும் பொருந்தும். கடலில் அலை உண்டு, அங்கேதான் விஷயம் சுவையாகிறது.

அலை ஓடும்போது நீர் அதோடு ஓடிவிடுவதில்லை. 1825-இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட், வில்ஹெல்ம் வேபர் என்ற சகோதரர்கள் கண்ணாடிப் பக்கங்கள் கொண்ட ஒடுங்கிய நீள்தொட்டி ஒன்றைச் செய்தார்கள். அதில் அலை எழுப்பி, நீரில் மிதக்கும் துகள்களைக் கூர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு துகளும் வட்டமாகவும் நீள்வட்டமாகவும் சுற்றியது. ஆழம் போகப்போக வட்டம் சிறுத்தது. மேற்பரப்பில் அந்த வட்டத்தின் விட்டம் அலையின் உயரத்துக்குச் சமம். அலையின் முகட்டில் நீர் அலை போகும் திசையில் நகர்கிறது. பள்ளத்தில் எதிர்த்திசையில் நகர்கிறது.

ஒரு மீட்டர் உயரம், நான்கு வினாடிக்கு ஒன்று என்று வரும் அலையை எடுத்துக்கொள்வோம். நம் கடற்கரையில் பிற்பகல் கடற்காற்றில் இப்படியொரு அலை எழுவது அதிசயமில்லை. ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 3.14 மீட்டர். நான்கு வினாடியில் அதைச் சுற்றி வரும் நீரின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.8 மீட்டர், மணிக்கு 2.8 கிலோமீட்டர். காற்றுக்கு எதிரே ஏறும் லேசரின் வேகமே மணிக்கு 9 கிலோமீட்டர்தான். அப்படியானால் ஒவ்வொரு முகட்டிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஒரு எதிர் நீரோட்டம். ஒவ்வொரு பள்ளத்திலும் அதே அளவு சாதக நீரோட்டம். நீர் மாறுவதால் படகு உணரும் காற்றும் பாய்க்கு வரும் கோணமும் மாறிக்கொண்டே இருக்கும். அலையின் நீளம் 25 மீட்டர், அது வரும் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர். எதிரே போகிறவருக்கு மூன்று வினாடிக்கு ஒரு அலை. 15 நிமிட ஏற்றத்தில் கிட்டத்தட்ட 300 அலைகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டிக் கடக்க வேண்டும்.

தேர்ந்த ஓட்டுநர் செய்வதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். அலையின் முகத்தில் ஏறும்போது அணியத்தைக் காற்றை நோக்கிச் சற்றுத் திருப்புகிறார்; முகடு விரைவில் கழிகிறது. அணியம் முகட்டைத் தாண்டி வெறுங்காற்றில் நீட்டிய அந்தக் கணத்தில் தோள்களைப் பின்னே எறிகிறார். அணியம் நீரில் தொப்பென்று விழாமல் வழுக்கி இறங்குகிறது. உடனே படகைக் காற்றிலிருந்து சற்று விலக்கி, பள்ளத்தின் சாதக நீரில் வேகத்தைத் திரட்டிக்கொள்கிறார். ஒரு கையில் சுக்கான் தடி, மறு கையில் மெயின்ஷீட், பாதங்கள் பட்டையில். இந்த அசைவு ஒவ்வொன்றும் சில சென்டிமீட்டர்தான். இதைத் தவறவிட்டால் படகு அலையில் மோதி நிற்கும். நின்ற படகை மறுபடி வேகமெடுக்க வைப்பதற்குள் இரண்டு மூன்று அலைகள் போய்விடும்.

காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அதே அலை நண்பனாகிறது. இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள டார்க்கீ ஊருக்குப் போக வேண்டும். 1860-களில் வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர், கப்பலின் சிறு மாதிரியை இழுத்துப் பார்த்துப் பெரிய கப்பலின் எதிர்ப்பைக் கணிக்க முடியுமா என்று ஆராய்ந்தார். 'அன்னம்', 'அண்டங்காக்கை' என்று பொருள்படும் பெயரிட்ட இரண்டு வடிவங்களை மூன்று, ஆறு, பன்னிரண்டு அடி நீளங்களில் செய்து அருகிலுள்ள டார்ட் ஆற்றில் இழுத்தார். சிறிய மாதிரியும் பெரிய மாதிரியும் அவற்றின் நீளத்துக்கேற்ற ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஒரே மாதிரி அலைக்கோலத்தை எழுப்பின. பிறகு டார்க்கீயில் தன் வீட்டருகே கடற்படையின் உதவியோடு சோதனைத் தொட்டி கட்டினார். 'கிரேஹவுண்ட்' என்ற முழு அளவுப் போர்க்கப்பலையே இன்னொரு கப்பலால் இழுக்க வைத்து அளந்து, தன் முறை சரியென்று காட்டினார். அதே டார்க்கீயில்தான் 1948-இல் ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிகள் நடந்தன. 20 வயது எல்வ்ஸ்டிராம் தன் முதல் தங்கத்தை அங்கே வென்றார்.

ஃப்ரூட் காட்டியது இது: நீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்தப் படகும் தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீள்கிறது, ஏனென்றால் நீளமான அலைதான் வேகமாக ஓடும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டும்போது அணியம் ஒரு முகட்டிலும் பின்புறம் அடுத்த முகட்டிலும் சிக்கிக்கொள்கின்றன. அதற்குமேல் போக வேண்டுமானால் தான் எழுப்பிய மேட்டில் தானே ஏற வேண்டும். லேசர் நீரைத் தொடும் நீளம் 3.8 மீட்டர், அதன் எல்லை மணிக்கு 9 கிலோமீட்டர் அளவில் வருகிறது. காற்றுக்கு எதிரே ஏறும்போது அது பெரும்பாலும் இந்தச் சிறைக்குள்தான் இருக்கிறது.

ஆனால் லேசரின் அடிப்பாகம் தட்டை, எடை குறைவு. போதிய உந்தல் கிடைத்தால் தன் மேட்டின்மேல் ஏறி, நீரைப் பிளப்பதை விட்டு அதன்மேல் சறுக்கத் தொடங்கும். இதை 'நீர்ச்சறுக்கு' எனலாம். அந்த உந்தலை அலை தருகிறது. ஒரு மீட்டர் உயரமும் 25 மீட்டர் நீளமும் உள்ள அலையின் மிகச் செங்குத்தான இடம் ஏழு பாகைச் சரிவு. படகும் பாயும் ஆளும் சேர்ந்து 160 கிலோ என்றால், அந்தச் சரிவில் ஈர்ப்பு முன்னே இழுப்பது ஏறத்தாழ 20 கிலோ. 20 நாட் காற்றில் பின்காற்று பாயில் தரும் உந்தலும் ஏறக்குறைய அதே 20 கிலோதான். அதாவது சரியான கணத்தில் சரியான சரிவில் இருப்பவருக்கு இன்னொரு பாய் இலவசம். அலை ஓடுவது மணிக்கு 22 கிலோமீட்டரில்; அதன் முகத்தில் தொற்றிக்கொண்டால் படகும் சில வினாடிகள் அதே வேகத்தில் பாய்கிறது. தொற்றிக்கொள்ள உதவும் ஒரு வெடுக்கென்ற இழுப்பைப் போட்டி விதி 42 அனுமதிக்கிறது, ஓர் அலைக்கு ஒரே ஒரு முறை. அதற்குமேல் இழுத்தால் அது கையால் துடுப்புப் போட்டதற்குச் சமம், தண்டனை உண்டு.

பின்காற்று ஓட்டத்தில் புதியவர்களைத் தண்ணீரில் தள்ளும் ஆபத்தும் உண்டு. படகு தானாக இடமும் வலமும் உருளத் தொடங்கி, ஒவ்வொரு உருளலிலும் வீச்சு கூடி, கடைசியில் காற்று வரும் பக்கமாகவே, அதாவது ஓட்டுநரின் தலைமேலேயே, கவிழ்ந்துவிடும். அலைதான் ஆட்டுகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் காற்றுச்சுரங்கத்தில் ஆய்வு செய்தவர் செஸ்வாஃப் மர்ஹாய், போலந்தில் பிறந்தவர், தானும் தனி ஆள் படகோட்டி. உருள முடிகிற ஒரு பாய் மாதிரியைச் சீரான காற்றில் நிறுத்தினார். அங்கே அலையே இல்லை. மாதிரி தானாக உருளத் தொடங்கியது. பாயின் உச்சி அளவுக்கு மீறி முன்னே திரும்பியிருந்தால் அங்கே வரும் விசை மரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. மரம் உருள உருளக் காற்றின் கோணம் மாறி, அது உருளும் திசையிலேயே மேலும் தள்ளுகிறது. காற்றிலிருந்தே ஆற்றல் எடுத்து ஆட்டம் வளர்கிறது. தீர்வும் இதிலிருந்தே கிடைத்தது: பாயைச் சற்று உள்ளே இழு, வேங் கயிற்றை இறுக்கி உச்சி முறுக்குவதைத் தடு, நடுப்பலகையைக் கொஞ்சம் இறக்கு. பயந்து பாயை இன்னும் வெளியே விடுவதே இயல்பான எதிர்வினை, அதுதான் கவிழ்க்கும்.

கவிழ்ந்தாலும் பெரிய கேடில்லை. உள்ளே காற்று அடைத்து மூடிய படகு மூழ்காது. நடுப்பலகையின்மேல் ஏறி நின்றால், அதே திருப்புதிறன் படகை நிமிர்த்திவிடும். ஆள் அமரும் பள்ளத்தில் நிறைந்த நீரை இறைக்கவும் வேண்டாம். தரையில் உள்ள சிறு வடிகால் படகு ஓடத் தொடங்கியதும் வேலை செய்கிறது: அதன் வாயைக் கடந்து விரையும் நீர் அங்கே அழுத்தத்தைக் குறைத்து உள்நீரை உறிஞ்சி எடுக்கிறது. ஓடினால்தான் வடியும் என்பதால், நிமிர்ந்ததும் முதல் வேலை பாயை இழுத்து ஓடுவது.

இதைப் படித்துவிட்டு யாராவது கற்றுக்கொள்ளப் போனால் மகிழ்வேன். சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே 1911 முதல் இயங்கிவரும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகோட்டச் சங்கமும் இருக்கிறது. போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். அலை எழக் காற்றின் வேகம் மட்டும் போதாது, காற்று நீர்மேல் ஓடிவரும் தூரமும் வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுக்குக் கரையோரத்தில் அந்தத் தூரமே இருப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் காலை நேரத்து மேல்காற்று அப்படிப்பட்டது. கரையில் நிற்பவருக்குக் கடல் குளம்போல் அமைதியாகத் தெரியும். ஒரு கிலோமீட்டர் உள்ளே போனதும் அதே காற்று அலை எழுப்பியிருக்கும், திரும்பி வரும் வழி முழுவதும் காற்றுக்கு எதிரான ஏற்றமாகியிருக்கும். கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் தோற்றாலும் கரைக்குத்தான் வந்து சேர்வீர்கள். ஆகவே நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள், மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள், சிறிய பாயில் தொடங்குங்கள். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில், துணைப்படகு இல்லாமல், தனியாக இறங்கவே இறங்காதீர்கள்.